டயர் வெடிப்பது தெய்வச் செயலா?

டயர் வெடித்து நேரும் விபத்தைத் தெய்வச் செயல் என்று கொள்ளலாமா என்ற கேள்விக்கு 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றம் விடை சொன்னது. வழக்கின் மூலம் 2010 அக்டோபரில் நடந்த ஒரு விபத்து. புனேயிலிருந்து மும்பைக்குச் சென்றுகொண்டிருந்த காரின் டயர் வெடித்தது; கார் பள்ளத்தில் விழுந்தது; உள்ளே இருந்த ஒருவர் இறந்தார். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவருடைய குடும்பத்துக்கு ரூ.1.25 கோடி வழங்கச் சொன்னது. காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. டயர் வெடித்தது தெய்வச் செயல், ஓட்டியவரின் பிழை அல்ல என்பது அதன் வாதம். நீதிபதி எஸ்.ஜி.டிகே அதை ஏற்கவில்லை. யாரும் எதிர்பார்க்க முடியாத, எந்த மனிதரையும் பொறுப்பாக்க முடியாத இயற்கைச் சீற்றத்தையே சட்டம் தெய்வச் செயல் என்கிறது. டயர் வெடிப்பு அந்த வகையில் சேராது என்றார். அதிவேகம், குறைந்த காற்று, மிகுந்த காற்று, பழைய டயர், வெப்பம் என அதற்குக் காரணங்கள் உண்டு. புறப்படுமுன் டயரின் நிலையைப் பார்ப்பது ஓட்டுநர் அல்லது உரிமையாளரின் கடமை என்பது தீர்ப்பின் சாரம்.

இழப்பீட்டு வழக்கு அத்துடன் முடிந்தது. சமயக் கேள்வி முடியவில்லை. அவனன்றி ஓரணுவும் அசையாது என்று நம்பும் ஒருவர், டயருக்குள் இருக்கும் காற்றை மட்டும் தன் பொறுப்பு என்று எப்படிப் பிரித்துக்கொள்வார்? வழிபாடு காக்கும் என்றால் அழுத்தமானி எதற்கு? அழுத்தமானி போதும் என்றால் வழிபாடு எதற்கு? தெய்வத்தின் பங்கு எது, மனிதரின் பங்கு எது என்ற பழைய விவாதம், சக்கரத்தின் அருகே வந்து நிற்கும்போது மிகத் தெளிவாகிவிடுகிறது. காரணம், அங்கே கடமை சிறியது, விளைவு பெரியது.

மலைக்குப் போகும் சாலை

இந்தக் கேள்வியை ஆர்.கே.பேட்டையில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் அது. கிழக்கே திருத்தணி முருகன் மலை. தெற்கே சோளிங்கர் நரசிம்மர் மலை. திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லை மாறினாலும் வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. ஆர்.கே.பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் விசைத்தறியே பல குடும்பங்களின் பிழைப்பு.

இந்தப் பகுதியின் வாகனங்கள் இரண்டு வகைச் சுமையைச் சுமக்கின்றன. ஒன்று நூல் மூட்டையும் சேலைக் கட்டும். மற்றொன்று பக்தர் கூட்டம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு குடும்பம் குடும்பமாக வேன் ஏறுவார்கள். டிசம்பர் 31ஆம் நாள் இரவு திருத்தணிப் படித்திருவிழாவுக்கும் அப்படியே. மலைக்கு 365 படிகள் உண்டு; வாகனம் ஏறும் சாலையும் உண்டு. ஏழு பேர் உட்காரும் வண்டியில் பத்துப் பேர் ஏறுவதும், கூரைமேல் மூட்டை ஏறுவதும் திருவிழாக் காலத்தில் யாருக்கும் வியப்பல்ல. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயிலும் திருத்தணிப் பகுதிக்குப் புதிதல்ல. சுமை, வெப்பம், தொலைவு ஆகிய மூன்றையும் டயருக்குள் இருக்கும் காற்றே தாங்குகிறது.

காற்று செய்யும் வேலை

ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது மறக்கப்பட்டுப் போனது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் மீண்டும் அதைக் கண்டு, காப்புரிமை பெற்று, உலகம் முழுவதும் பரவச் செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றே: வண்டியைத் தாங்குவது ரப்பர் அல்ல, அதற்குள் அடைபட்ட காற்று.

ஒரு கணக்குப் போட்டால் இது விளங்கும். ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 250 கிலோ இறங்குகிறது. டயருக்குள் 32 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தால், அந்த டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 110 சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கையின் அளவு. முழுக் குடும்பத்தின் உயிரும் நான்கு உள்ளங்கை அளவு நிலத்தை நம்பி ஓடுகிறது. பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் மழையில் வழுக்காமல் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளால்தான்.

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து நிமிர்கிறது. அந்த மடிப்பு வெப்பமாகிறது. வேகமும் சுமையும் கூடக் கூட வெப்பம் ஏறி, ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் பிரியத் தொடங்குகின்றன; முடிவில் டயர் கிழிகிறது அல்லது வெடிக்கிறது. காற்று கூடிப்போனாலும் கெடுதல்தான். சாலையைத் தொடும் பரப்பு சுருங்குகிறது, பிடிப்பு குறைகிறது, குழியில் விழும்போது அடியை வாங்க இடமில்லாமல் டயர் விறைத்து நிற்கிறது. குறைந்த காற்றில் ஓடிய டயர் இரு ஓரங்களிலும் தேய்ந்திருக்கும். மிகுந்த காற்றில் ஓடியது நடுவில் தேய்ந்திருக்கும். உரிமையாளர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கு டயரே சாட்சி.

இதில் கவனிக்க வேண்டியது, ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் வளர்கிறது என்பது. எந்தப் பழுதும் இல்லாத டயரும் மாதத்துக்குச் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. இழக்கிறது. எட்டு மாதம் பார்க்காமல் விட்டால் நான்கில் ஒரு பங்கு போய்விடக்கூடும். இன்றைய டயர்கள் அந்த நிலையிலும் வெளியே பார்க்கச் சரியாகவே தோன்றும். உதைத்துப் பார்ப்பதும் கையால் தட்டிப் பார்ப்பதும் எதையும் சொல்லாது. அளந்தால் மட்டுமே தெரியும். ஆகவே டயர் காற்றைப் பார்ப்பது, தெரியாததைத் தெரிந்துகொள்ள ஒருவர் எடுக்கும் முயற்சி. அறத்தின் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

வாகன பூஜையின் பொருள்

புதிய வண்டி வாங்கியவர் அதை நேராகக் கோயிலுக்கு ஓட்டிப் போவது தமிழகத்தின் வழக்கம். திருத்தணி வட்டாரத்தில் அது பெரும்பாலும் முருகன் சந்நிதிக்குப் போகும். மஞ்சளும் குங்குமமும் வைத்து, மாலை சூட்டி, கற்பூரம் காட்டி, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம் பழம் வைத்து நசுக்கி ஓட்டுவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூஜையன்று இதே மரியாதை மறுபடியும் நடக்கும். அன்று ஆர்.கே.பேட்டையில் தறியும் பூசை பெறும், வண்டியும் பூசை பெறும்.

இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது அவசரம். ஆயுத பூஜையில் ஒரு தெளிவான எண்ணம் இருக்கிறது. உழைப்புக்கு உதவும் கருவி வெறும் சடப்பொருள் அல்ல. அதற்கு மனிதர் கடன்பட்டிருக்கிறார் என்பதே அது. கடன்பட்டவர் செய்ய வேண்டியது நன்றி சொல்வது மட்டுமல்ல, பேணுவதும்தான். தறிக்குப் பொட்டு வைப்பவர் அன்று அதைத் துடைத்து, தூசி தட்டி, எண்ணெயிட்ட பிறகே பொட்டு வைக்கிறார். துடைப்பதும் பூஜையின் பகுதி. வண்டியைக் கழுவுவதும் அப்படியே. கழுவும் கை காற்றையும் பார்க்குமானால், அந்த வழிபாட்டில் எதுவும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை; பாதியில் நின்றது முழுமையாகிறது.

எலுமிச்சம் பழம் வைப்பதற்கு ஒருவர் சக்கரம் சக்கரமாகச் சென்று குனிகிறார். வண்டியின் வேறு எந்தப் பாகத்துக்கும் கிடைக்காத மரியாதை டயருக்குக் கிடைக்கிறது. அபாயம் எங்கே இருக்கிறது என்பதைச் சடங்கு சரியாகவே சுட்டுகிறது. குனிந்தவர் டயரின் தேய்மானத்தைப் பார்க்காமல், பக்கச்சுவரின் வெடிப்பைப் பார்க்காமல், வால்வு மூடி இருக்கிறதா என்று பார்க்காமல் எழுந்துவிட்டால் குறை சடங்கினுடையது அல்ல, குனிந்தவருடையது.

தமிழ்ச் சமய மரபில் வாகனம் பழுதான கதை ஒன்று உண்டு. முப்புரம் எரிக்கத் தேரேறிய சிவபெருமான் விநாயகரை வழிபடாமல் புறப்பட்டதால் தேரின் அச்சு முறிந்தது என்பது தலபுராணம். அச்சு இற்ற இடமே செங்கல்பட்டு மாவட்டத்து அச்சிறுபாக்கம் என்று மரபு சொல்கிறது. கும்பிடாமல் கிளம்பினால் வண்டி நிற்கும் என்று மட்டும் இக்கதையைப் படிப்பவர் உண்டு. இன்னும் ஒரு பொருள் அதற்குள் இருக்கிறது. பயணத்தின் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், போகிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், புறப்படுமுன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் புறப்பட்டால் அச்சு முறியும். இறைவனுக்கே விலக்குத் தராத ஒழுங்கை, அந்த இறைவனைப் பார்க்கப் போகிறவர் தனக்கு மட்டும் விலக்கிக்கொள்ள முடியாது.

விதியின் எல்லை

விதியை நம்புகிறவருக்குத் திருக்குறள் எளிய சமாதானம் எதையும் தருவதில்லை. ஊழின் வலிமையை ஓர் அதிகாரம் முழுதும் சொல்லும் அந்த நூல், ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில், தளராமல் முயல்பவர் ஊழையும் புறம் காண்பர் என்ற கருத்தை வைக்கிறது. பொச்சாவாமை என்று மறதிக்கு எதிராகவே ஓர் அதிகாரம் வகுத்து, வரும் துன்பத்தை முன்னதாகக் காக்கத் தவறியவன் பின்னால் தன் பிழையை எண்ணி வருந்துவான் என்கிறது. வலியறிதலில், மயிலிறகு போன்ற எடையற்ற பொருளும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்று எச்சரிக்கிறது. லேசான சேலைக் கட்டுதானே என்று ஏற்றிக்கொண்டே போகும் வேனுக்கு இதைவிட நேரான அறிவுரை இல்லை.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது. முற்பிறவிகளில் ஈட்டிச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். நுகரும்போது புதிதாக ஈட்டுவது ஆகாமியம். விபத்தில் சிக்கியவர் பட்ட துன்பம் அவருடைய பிராரத்தம் என்று ஒரு சித்தாந்தி சொல்லலாம். ஆனால் காற்றைப் பார்க்காமல் வண்டியை எடுத்தவரின் செயல் அந்தக் கணக்கில் அடங்காது. அது அன்று காலை அவர் புதிதாகச் செய்த வினை, ஆகாமியம். பிறருக்கு நேர்ந்தது அவரவர் விதி என்று சொல்லித் தன் செயலை அவர் கழித்துக்கொள்ள முடியாது. சித்தாந்தத்தின் கணக்கில் அது அவர் பெயரில் ஏறிவிட்டது.

கீதையின் 18ஆம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைச் சொல்கிறது: செயல் நிற்கும் இடம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். நல்லபடி ஒரு பயணம் முடிவதற்கு இந்த ஐந்தும் வேண்டும். சாலையும் வண்டியும் இடம், ஓட்டுநர் செய்பவர், டயரும் பிரேக்கும் கருவிகள், பார்ப்பதும் ஓட்டுவதும் முயற்சிகள். இவற்றுக்குப் பிறகே தெய்வம் எண்ணப்படுகிறது. எல்லாம் என்னால் என்று செருக்குபவரை அந்த அத்தியாயம் கண்டிக்கிறது. எல்லாம் தெய்வத்தால் என்று மற்ற நான்கையும் கைவிடுபவருக்கும் அதில் இடமில்லை.

திருத்தணியிலேயே பிறந்த தத்துவ அறிஞர் ஒருவர் இந்தச் சிக்கலை நவீன மொழியில் விளக்கியிருக்கிறார். டாக்டர் எஸ்.ராதாகிருஷ்ணன், டன்லப் காப்புரிமை பெற்ற அதே 1888இல் செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தவர். இந்தியச் சமயம் மனிதரை விதியின் கைப்பாவையாக்குகிறது என்ற மேற்கத்தியக் குற்றச்சாட்டை அவர் வாழ்நாள் முழுதும் மறுத்தார். 1926இல் ஆக்ஸ்போர்டின் மான்செஸ்டர் கல்லூரியில் ஆற்றிய சொற்பொழிவுகளில் கர்மக் கொள்கையைச் சீட்டாட்டத்தோடு ஒப்பிட்டார். கைக்கு வரும் சீட்டு ஆடுபவரின் தேர்வல்ல. அதை ஆடும் விதம் அவருடைய உரிமை. வெயிலும் பழைய சாலையும் எதிரே வருபவரின் வேகமும் கைக்கு வந்த சீட்டுகள். டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பது ஆட்டம்.

விதிவாதத்துக்கு எதிராக ஒரு வாதம் வழிபாட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது என்றால் வாகன பூஜையால் மாறப்போவது எதுவும் இல்லை. எலுமிச்சம் பழம் வைப்பவர், தான் இன்று செய்யும் ஒன்று நாளை நடப்பதை மாற்றும் என்று நம்புகிறார். ஆக, வழிபடுபவர் விதிவாதியாக இருக்க முடியாது. செயலால் பயன் உண்டு என்று நம்பும் அவர், பயன் கண்கூடாகத் தெரிந்த செயலை விட்டுவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மற்றச் சமயங்களும் இதே இடத்துக்கு வந்து சேர்கின்றன. ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பி விடட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்ற பொருளில் நபிகள் நாயகம் விடை சொன்னதாக ஹதீஸ் மரபு கூறுகிறது. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்தால் தேவதூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் தூண்டியபோது, ஆண்டவரைச் சோதிப்பது தகாது என்று இயேசு மறுத்ததாக நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. தேய்ந்த டயரோடு நெடுஞ்சாலை ஏறிவிட்டுக் காப்பாற்று என்று வேண்டுவது நம்பிக்கை அல்ல, சோதனை.

தப்பித்தவரின் கதை

ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரே மாலையில் இருவர் திருத்தணிக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்ளலாம். இருவர் வண்டியிலும் காற்று ஒரே அளவு குறைவு, இருவரும் ஒரே அளவு கூட்டத்தை ஏற்றியிருக்கிறார்கள், இருவரும் பார்க்கவில்லை. ஒருவர் மலையேறி, தரிசனம் முடித்து, வீடு திரும்புகிறார். மற்றவரின் டயர் வழியில் வெடிக்கிறது. ஊர் இரண்டாமவரைத் திட்டும். முதலாமவரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இருவரின் பிழையும் ஒன்றே என்றால், பழியில் ஏன் இவ்வளவு வேறுபாடு?

1976இல் தத்துவ அறிஞர்கள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் எழுப்பிய விவாதம் இதுதான். நேகல் தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று, பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்ட லாரி ஓட்டுநர். குழந்தை குறுக்கே வந்தால் அவர் வாழ்நாள் முழுதும் குற்றவாளி. வராவிட்டால் அவருடைய அலட்சியத்தை அவரே மறந்துவிடுவார். அறத் தீர்ப்பில் தற்செயலுக்கு இவ்வளவு இடம் தரலாமா என்று அவர் கேட்டார்.

அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே, 1877இல், ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபோர்ட் ஒரு விடை சொல்லியிருந்தார். பழைய கப்பல் ஒன்றின் உரிமையாளருக்கு அது கடலைத் தாங்குமா என்ற ஐயம் வருகிறது. பழுது பார்க்கச் செலவாகும். இத்தனை பயணம் போய் வந்த கப்பல் இது, கடவுள் இந்த ஏழைக் குடும்பங்களைக் காப்பார் என்று சொல்லிச் சொல்லி ஐயத்தை அடக்கிவிடுகிறார். மனமார நம்பியே வழியனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவருடைய நம்பிக்கை உண்மையானதுதான். ஆனாலும் அவர் குற்றவாளி. ஏனென்றால் அந்த நம்பிக்கையைக் கொள்ள அவருக்கு உரிமை இல்லை. அவர் அதை விசாரித்துப் பெறவில்லை, ஐயத்தை அமுக்கிப் பெற்றார். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் துளியும் குறைந்திருக்காது என்பது கிளிஃபோர்டின் முடிவு.

திரும்பி வந்த முதலாமவர் சொல்லும் ஒரு வாக்கியம் இங்கே முக்கியமாகிறது. பழுதான டயரைப் பிறகு கண்டவர், முருகன் காப்பாற்றினான் என்று கைகூப்புகிறார். அந்த நன்றி தூயது. ஆனால் அதற்குள் இரண்டு தீங்குகள் நுழையக்கூடும். ஒன்று, தப்பித்த அலட்சியம் அருளின் சான்றாகிவிடுகிறது. அடுத்த முறையும் பார்க்காமல் போகத் துணிவு வருகிறது. இரண்டாவது கொடியது. இவரை முருகன் காப்பாற்றினான் என்றால், வழியில் இறந்தவரை அவன் கைவிட்டானா? அந்த வீட்டுக்காரர்களின் பக்தி குறைந்ததா? இழவு வீட்டின் மேல் இப்படியொரு தீர்ப்பை எழுதும் உரிமை எந்தப் பக்தருக்கும் இல்லை. நன்றி சொல்பவர், தன் பிழையையும் அதே மூச்சில் ஒப்புக்கொண்டால் மட்டுமே அந்த நன்றி பிறரைக் காயப்படுத்தாமல் இருக்கும்.

பொறுப்பின் பங்காளிகள்

பொறுப்பு ஒருவருடையது மட்டும் அல்ல என்பதும் உண்மை. அமெரிக்காவில் 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பகுதி ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஓடியவை. மேற்பட்டை பிரிந்து வண்டிகள் உருண்டன. 250க்கும் மேற்பட்ட இறப்புகள் அந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்டன. ஃபோர்டு 26 பி.எஸ்.ஐ. போதும் என்று சொல்லியிருந்தது. ஃபயர்ஸ்டோன் 30 வேண்டும் என்றது. இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. பின்னாளில் டயர் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி அமெரிக்காவின் புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயமானது இதன் தொடர்ச்சியே.

செய்பவர், விற்பவர், சாலை போடுபவர், வாடகைக்கு அனுப்பும் உரிமையாளர், ஓட்டுபவர் என்று பொறுப்பு பலர் மேல் பரவியிருக்கிறது. பரவிய பொறுப்பு கரைந்துவிடுவதில்லை. ஒவ்வொருவர் பங்கும் அவரவரிடம் முழுதாகவே இருக்கிறது. ஓட்டுபவரின் பங்குக்குக் கூடுதல் கனம் உண்டு. வண்டியில் இருப்பவர்கள் டயரைப் பார்க்கவில்லை. பார்த்திருப்பார் என்று நம்பி ஏறியிருக்கிறார்கள். எதிரே சைக்கிளில் வருபவருக்கு அந்த நம்பிக்கை வைக்கும் வாய்ப்புக்கூட இல்லை. தன் உயிரை ஒருவர் தெய்வத்திடம் ஒப்படைக்கலாம். பிறர் உயிரை அவர்களைக் கேளாமல் ஒப்படைக்க அவருக்கு உரிமை கிடையாது.

எச்சரிக்கைக் கருவியிடமும் கடமையை முழுதாகக் கொடுத்துவிட முடியாது. அமெரிக்க விதிப்படி, குறித்த அளவிலிருந்து 25 விழுக்காடு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். அதாவது 32 இருக்க வேண்டிய டயர் 24க்கு இறங்கும் வரை விளக்கு எரியாமலே இருக்கலாம். இந்தியாவில் 2020இல் திருத்தப்பட்ட விதிகள், இந்தக் கருவியும் டியூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்று தளர்த்தின. கருவி கண்ணுக்குத் துணை; கண்ணுக்கு மாற்று அல்ல.

கடமையைச் செய்யும் முறை

இவ்வளவு பெரிய விவாதத்தின் முடிவில் செய்ய வேண்டிய வேலை மிகச் சிறியது. மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முன்பும் காற்றை அளக்க வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஓரிரு கிலோமீட்டருக்குமேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியே காட்டும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். சூட்டில் ஏறிய காற்றைத் திறந்துவிடுவது தவறு. ஆறிய பிறகு டயர் குறை காற்றில் நிற்கும். திருத்தணி வெயிலில் மதிய நேரத்தைவிட விடியற்காலையே அளக்க ஏற்றது.

எவ்வளவு வேண்டும் என்பதைக் காரே சொல்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவின் தூணில் ஒட்டிய அட்டையிலோ, எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ, கையேட்டிலோ அளவு இருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும், ஆள் குறைவுக்கும் முழுச் சுமைக்கும் அது வேறுபடலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. வைக்க வேண்டிய அளவு அல்ல. பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிப்பவர் எவ்வளவு என்று கேட்டால் பழக்கத்தில் வாய்க்கு வரும் எண்ணைச் சொல்லிவிடுவது, அளக்காமல் இருப்பதற்குச் சமம்.

நான்கு டயரோடு ஸ்டெப்னியையும் பார்க்க வேண்டும். வால்வு மூடி இல்லாவிட்டால் உடனே போட வேண்டும். ஒரு டயர் மட்டும் அடிக்கடி இறங்கினால் ஆணியோ வால்வுக் கசிவோ இருக்கும். பஞ்சர் கடையில் தண்ணீரில் சோதித்துப் பார்க்க வேண்டும். கோடுகளின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயர் காருக்கு ஆகாது. டயரின் வயதை அதன் பக்கத்திலுள்ள நான்கு இலக்க எண் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. நைட்ரஜன் அடைத்தாலும் அளக்கும் வேலை போகாது. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அடைத்தது எதுவானாலும் மெல்ல இறங்கும்.

தீர்ப்பு

மனிதரால் அறியக்கூடியதும் செய்யக்கூடியதும் எதுவோ, அதுவரை மனிதரின் பங்கு. அதற்கு அப்பால் தெய்வத்தின் பங்கு. சரியான காற்றும் நல்ல டயரும் நிதான வேகமும் இருந்தும் நேரும் துன்பத்தை ஒருவர் தெய்வத்தின் முன் கொண்டுபோய் வைக்கலாம், அழலாம், கேள்வியும் கேட்கலாம். அளக்காத காற்றை அப்படிக் கொண்டுபோய் வைக்க முடியாது. வழிபாடு அச்சத்தை வாங்கிக்கொள்ளும், மனத்துக்கு நிதானம் தரும், கருவியை மதிக்கக் கற்றுத்தரும்; கடமையை மட்டும் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே மலைக்குப் புறப்படுகிறவர்கள் எலுமிச்சம் பழம் வைக்கக் குனியும் அதே நேரத்தில் டயரையும் பார்க்கட்டும். வழியில் வரும் முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஐந்து டயருக்கும் காற்றை அளந்து, அதன் பிறகு முருகன் பெயரைச் சொல்லி வண்டியை எடுக்கட்டும்.